பக்கத்துக் கட்டில்

படம் ஓடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஜெனிக்குத் தெரிந்துவிட்டது, இதில் ஆட்டோ வரப்போவதில்லை என்று.

திரையில் இரவு. கொட்டுகிற மழை. வெள்ளைச் சேலை கட்டிய தாய் ஒருத்தி, மயங்கிக் கிடக்கும் மகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஆளில்லாத தெருவில் ஓடுகிறாள். பின்னணியில் வயலின். 'உண்மைச் சம்பவம்' என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டாயிற்று. அந்த உண்மைச் சம்பவம் ஜெனியுடையது. ஏந்தப்பட்டவள் அவள் மகள் கெசியா. இப்போது முன்னால் விரித்திருந்த பாயில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து, திரையில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கெசியாவை யாரும் மழையில் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அது மாசி மாதத்து மத்தியானம். தார் ரோட்டில் கால் வைக்க முடியாத வெயில். தூக்கிக்கொண்டு ஓடியவள் ஜெனியும் இல்லை. ஓடியவள் ஜெனிக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் துப்பட்டாவோடு உட்கார்ந்திருந்தாள். நவ்ரீன்.

நவ்ரீனை அழைத்து வந்தது ஜெனிதான். வர மாட்டேன் என்றவளை வாசலில் நின்று கெஞ்சிக் கூட்டி வந்தாள். "ரூஹிய பத்தியும் வருது நவ்ரீன். நான் எல்லாத்தயும் சொல்லிக்கீறேன், அந்தத் தம்பி எல்லாத்தயும் எழுதிக்கினு போச்சி" என்றாள். அது பொய் இல்லை. சபையில் படம் எடுக்கிற கிப்ட்சன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனியின் வீட்டுக்கு வந்து, போனை மேசைமேல் வைத்து, அவள் பேசியது முழுவதையும் பதிவு செய்துகொண்டு போனான். பேச்சின் பாதியில் அவனும் அழுதான். போகும்போது வாசல் வரை வந்து ஜெனி சொன்னாள்: "தம்பி, ரூஹிய மட்டும் உட்டுடாத." அவன் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தான்.

திருவொற்றியூரில் இரும்புக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்தச் சபை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை குடும்பத் திரைப்பட மாலை. ஜன்னல்களைப் போர்வை போட்டு மூடி, வெள்ளை வேட்டியைச் சுவரில் அறைந்து, பிள்ளைகளுக்குப் பாயும் பெரியவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு, முடிந்ததும் சுண்டல் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்தில் சபைக்கு வராதவர்கள்கூடப் படத்துக்கு வருவார்கள். இந்த மாலைகள் தொடங்க முதல் காரணமே ஜெனிதான். பிள்ளைகள் போனில் கண்டதையும் பார்க்கிறார்கள், விசுவாசத்தை வளர்க்கிற மாதிரி நல்ல கதையாகக் காட்டலாம் என்று பாஸ்டரிடம் நச்சரித்தவள் அவள். சபையின் மூலையில் இருந்த இரும்பு பீரோவுக்கும் அவள்தான் பொறுப்பு. அதில் நிறையச் சிறுவர் புத்தகங்கள், வழுவழுக்கும் தாளில், வண்ணப்படங்களோடு. வாரம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கெசியாவுக்குப் படிப்பாள். தையல் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வருகிறவளுக்கு அந்த நேரம்தான் மூச்சு. தன்னோடு மகளையும் ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிப்போவதுபோல் இருக்கும்.

கெசியா கேட்கிற இடத்தில் ரூஹியும் இருப்பாள். எதிர்வீடு. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. கெசியா கதையை அப்படியே விழுங்குகிற பிள்ளை. ரூஹி மென்று பார்க்கிற பிள்ளை. சிங்கக் குகையில் போடப்பட்டவரைச் சிங்கங்கள் கடிக்காமல் விட்ட கதையை ஜெனி ஒருநாள் படித்து முடித்ததும், "அது சாப்ட்டுட்டு வந்திருக்கும் ஆன்ட்டி" என்றாள். ஜெனி சிரித்துவிட்டாள். அப்புறம் சிரித்திருக்கக் கூடாதோ என்று பாவமன்னிப்பு கேட்டுக்கொண்டாள்.

அந்த மத்தியானம் தெருக்கோடியில் இருந்த ஐஸ் பேக்டரியில் குழாய் வெடித்தது. மீனுக்கு ஐஸ் கட்டி போடுகிற சின்ன பேக்டரிதான். குழாய்க்குள் ஓடுவது அமோனியா என்பதே தெருவில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்ததாம். பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகள் இரண்டும் வாசலில் கட்டம் போட்டு ஆடிக்கொண்டிருந்தன. நவ்ரீன் சோற்றுக் கையோடு ஓடிவந்து இரண்டு பிள்ளைகளையும் இரண்டு இடுப்பில் தூக்கினாள். அவள் கணவன் மஜீது சாப்பிட வந்து நிறுத்தியிருந்த ஆட்டோவைக் கிளப்பினான். பின் சீட்டில் நடுவில் நவ்ரீன், இந்தப் பக்கம் கெசியா, அந்தப் பக்கம் ரூஹி. ஜெனிக்குக் கம்பெனி வாசலில் செய்தி வந்தபோது பிள்ளைகள் பெரியாஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்தன. அவள் புருஷன் தாமோதரன் விசைப்படகில் நடுக்கடலில் இருந்தான்.

இரண்டு தாய்களும் ஒரே தரையில் உட்கார்ந்தார்கள். ஜெனி இரண்டு பிள்ளைகளுக்கும் ஜெபித்தாள். ஒரு மூச்சு கெசியா என்றால் அடுத்த மூச்சு ரூஹி. நவ்ரீனும் இரண்டு பிள்ளைகளுக்கும்தான் ஓதினாள். இரண்டு பெயரும் ஜெனியின் காதில் விழுந்தன. சபையிலிருந்து வந்தவர்கள் இரண்டு கட்டிலையும் சுற்றி நின்று கை நீட்டினார்கள். மறுநாள் பொழுது விடியும்போது ரூஹி போய்விட்டாள். கெசியா ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுக்கு வந்த கெசியா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ரூஹிக்கும் ஜெபம் பண்ணோம்ல, அது எங்கம்மா போச்சி?"

ஜெனி அன்று சாயங்காலமே சபைக்குப் போய், பீரோவைத் திறந்து அத்தனை புத்தகங்களையும் தரையில் பரப்பினாள். காய்ச்சலில் கிடந்த சிறுவன் ஜெபித்தான், எழுந்தான். வேலை போன அப்பாவுக்கு வேலை வந்தது. தொலைந்த நாய்க்குட்டிகூடத் திரும்பி வந்தது. கேட்டது கிடைக்காத பிள்ளை ஒன்றுகூட அந்தப் பீரோவில் இல்லை. பாலகனான ஆண்டவரைத் தூக்கிக்கொண்டு கழுதைமேல் எகிப்துக்குப் போகிற படத்தில் வந்து நின்றாள். ராத்திரி வானம், நட்சத்திரம், சிரிக்கிற கழுதை. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் பையன் வளர்ந்து தச்சுப் பட்டறையில் மரம் இழைத்துக்கொண்டிருக்கிறான். நடுவில் பெத்லகேமில் நடந்தது எங்கே? கனவில் எச்சரிப்பு கிடைத்தது ஒரு வீட்டுக்கு. கிடைக்காத வீடுகளில், அந்தப் பாலகனைக் கொல்லத் தேடிய ராஜாவின் ஆட்கள் புகுந்து வெட்டிப்போட்ட பிள்ளைகள் எங்கே? அந்தத் தாய்கள் ஆறுதல் வேண்டாமென்று அழுதார்கள் என்று வேதத்திலேயே இருக்கிறது. வேதம் மறைக்கவில்லை. புத்தகம் போட்டவன்தான் கிழித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் கழுதையைச் சிரிக்க வைத்திருக்கிறான். இத்தனை வருஷம் இதைத்தான் தன் பிள்ளைக்கு வாய் இனிக்க ஊட்டினோமா என்று நினைத்ததும் அவளுக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். புத்தகங்களை உள்ளே தள்ளிப் பூட்டினாள்.

ஆகவேதான் கிப்ட்சன் வந்தபோது சம்மதித்தாள். ஒரு படமாவது நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். ஒரு படத்திலாவது பக்கத்து வீட்டுப் பிள்ளை இருக்கட்டும்.

திரையில் இப்போது ஆஸ்பத்திரி. கெசியாவாக நடித்த பிள்ளை கட்டிலில் கண்மூடிக் கிடந்தது. அடுத்த கட்டிலில் இன்னொரு சிறுமி. அவள் தலைமாட்டில், முக்காடு போட்ட ஒரு பெண் சுவரை வெறித்துக்கொண்டிருந்தாள். ரூஹியை விடவில்லை கிப்ட்சன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்.

டாக்டர் வந்து இரண்டு கட்டிலையும் பார்த்துத் தலையை ஆட்டினார். "எங்க கையில ஒண்ணும் இல்லம்மா." முக்காடு போட்டவள், "எங்களுக்கு யார் இருக்கா" என்று சரிந்து உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலைக்காரி நிமிர்ந்தாள். "எனக்கு இருக்கார்" என்று முழங்காலில் விழுந்தாள். கண்ணீர், மழை, வயலின். முக்காடு போட்டவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலில் வெளிச்சம் வந்தது. இந்தக் கட்டில் பிள்ளை கண்ணைத் திறந்து 'அம்மா' என்றது. அந்தக் கட்டிலில் ஒரு கை வெள்ளைத் துணியை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடியது. துணி மேலே போனபோது கீழே பாதங்கள் தெரிந்தன. அந்தப் பாதங்களின் மேல் எழுத்து வந்தது: நம்பினவள் பெற்றுக்கொண்டாள்.

அல்லேலூயா என்றது கூட்டம். கை தட்டினார்கள். பாயில் உட்கார்ந்திருந்த கெசியா மட்டும் திரும்பிப் பார்த்தாள், தன் அம்மாவை இல்லை, நவ்ரீனை.

நவ்ரீன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜெனிக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "கொலுசு போட்டுக்கீது அந்தப் புள்ள. ரூஹிக்கு கொலுசு கெடயாது."

விளக்கைப் போட்டார்கள். பாஸ்டர் கண்களைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார். வயதானவர். ரூஹி இறந்த அன்று மஜீதுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர். "இந்தப் படத்த நாளைக்கு இன்டர்நெட்ல போடப் போறோம். எத்தனையோ குடும்பத்துக்கு ஆசீர்வாதமா இருக்கப் போவுது. இப்ப நம்ம சகோதரி ஜெனி வந்து சாட்சி சொல்லுவாங்க."

ஜெனி எழுந்து போனாள். மைக்கை வாங்கினாள்.

"அந்தப் பொம்பள நான் இல்ல" என்றாள். யாரோ பணிவு என்று நினைத்து ஆமென் சொன்னார்கள். "நான் அன்னிக்கு கம்பெனில காலர் தச்சிகினு இருந்தேன். மழையும் பெய்யல. என் புள்ளைய தூக்கினு ஓடினது அதோ உக்காந்துகீறாங்களே, அவுங்க. பேரு நவ்ரீன். ஆட்டோ ஓட்னது அவுங்க வூட்டுக்காரரு. பக்கத்து கட்டில்ல இருந்த புள்ளைக்கும் பேரு இருக்கு. ரூஹி. இந்த எடத்துல வந்து சுண்டல் சாப்ட்டுக்கீறா."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவுங்கம்மா செவுத்த பாத்துகினு இருந்தாங்கன்னு காட்டிட்டீங்க. இல்ல. என் புள்ள பேரையும் சேத்து ஓதுனாங்க. நானும் ரூஹிக்கு ஜெபம் பண்ணேன். நீங்க எல்லாருந்தான் கைய நீட்டினு நின்னீங்க. அப்ப யாரு நம்பிக்கை பத்தல? அந்தம்மாளுதா? என்னுதா? உங்களுதா? சொல்லுங்க, நான் கேட்டுக்குறேன்."

"சகோதரி" என்றார் பாஸ்டர் மெதுவாக. "இது புள்ளைங்களுக்கு விசுவாசம் வளர்றதுக்கு எடுத்த படம். எல்லாத்தயும் அதுல சொல்ல முடியுமா?"

"என் பொண்ணு நாளைக்கு தெருவுல நின்னு, எங்கம்மா ஜெபம் பண்ணாங்க நான் பொழச்சேன், ரூஹி அம்மா பண்ல, அது செத்துப்போச்சின்னு சொல்லும் ஐயா. அதான் வளரும். இத்த படிச்சி, இத்த பாத்து, வேற இன்னா வளரும்?"

கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்து கிப்ட்சன் எழுந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "நீங்கதானக்கா சொன்னீங்க, ரூஹிய உட்டுடாதன்னு. அதுக்குத்தான் அந்த சீன் வச்சேன். ஆட்டோ எடுத்துப் பாத்தோம்க்கா, சரியா வரல. ராத்திரின்னாதான் ஜனங்க மனசுல நிக்கும்." அவன் பொய் சொல்லவில்லை. கெட்டவனும் இல்லை. உண்மையாகவே ரூஹிக்கு ஒரு இடம் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான். அதுதான் ஜெனிக்குத் தாங்கவில்லை. அடிக்கக் கை ஓங்கினால் எதிரே பகைவன் ஒருவனாவது வேண்டாமா? எல்லோரும் நல்லவர்களாக, ஈரக் கண்களோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"மனசுல நிக்கணுமா?" என்றாள். "நான் சொல்றேன், நிக்கட்டும். ஆட்டோல ஒரு துப்பட்டாதான் இருந்திச்சி. தண்ணி பாட்டல்ல நனச்சி, அத்த என் புள்ள மூஞ்சில புட்ச்சாங்க அவுங்க. என் புள்ளதான் இருமிச்சி, வாந்தி எடுத்திச்சி. ரூஹி இருமல. எனக்கு ஒண்ணுமில்லமா, கெசியாக்கு புடின்னு சொல்லிச்சி. ஆஸ்பத்திரி வர்ற வரிக்கும் அந்தத் துணிய என் புள்ள மூஞ்சிலேந்து எடுக்கல. கெசியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவுங்க இன்னிக்கி வரிக்கும் வாயத் தொறக்கல. என் புள்ள பொழச்சது எப்படின்னு கேட்டா நான் இத்த சொல்லாம வேற இன்னாத்த சொல்றது? ஆண்டவரு அந்தத் துணில இருந்தாருன்னா நான் நம்புறேன். இருந்துட்டு, இந்தப் பக்கத்து புள்ளைய ஏன் பாக்கலன்னு கேக்குறேன். கேக்கத்தான் செய்வேன். கேக்குறத படமா எடு தம்பி, நான் வந்து நடிக்கிறேன். இந்தப் படம் வெளிய போவக் கூடாது."

பேசிவிட்டு நவ்ரீனைப் பார்க்கத் திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது.

மைக்கைப் பாஸ்டரின் கையில் திணித்துவிட்டு, செருப்பைத் தேடாமல் படியிறங்கினாள். பின்னால் பாஸ்டர், "சகோதரி மனசு உடைஞ்சிருக்காங்க, நாம ஜெபிப்போம்" என்று சொல்வது ஒலிபெருக்கியில் கேட்டது. கீழே இரும்புக் கடை ஷட்டர் இறக்கியிருந்தது. நவ்ரீன் எண்ணூர் நெடுஞ்சாலையோரம் நின்றிருந்தாள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன, கடக்க வழியில்லை.

"நவ்ரீன், மன்னிச்சிக்கோ. இப்டி எடுப்பான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

நவ்ரீன் திரும்பினாள். ஜெனி இதுவரை பார்த்திராத முகம் அது. பிள்ளையை அடக்கம் செய்த அன்றுகூட அது இப்படி இல்லை.

"துப்பட்டாவ பத்தி கெசியா எப்ப சொல்லிச்சி?"

"ஆஸ்பத்திரிலேயே."

"இத்தினி மாசமா தெரிஞ்சிகினுதான் எங்கூட பேசினு இருந்தியா?"

ஜெனி தலையசைத்தாள்.

"தெரிஞ்சிகினு சும்மா இருந்தல்ல. இன்னிக்கும் சும்மா இருந்துக்கலாமே."

"உன்ன அப்டி காட்டும்போது எப்டி நான் சும்மா இருக்கறது? கை தட்றானுங்க நவ்ரீன்."

"அவுங்க காட்னது யாரோ ஒரு பொம்பள. கொலுசு போட்ட புள்ளையோட அம்மா. அதுக்கு எனக்கு இன்னா வந்துச்சி? நீ சொன்னதுதான் நானு." நவ்ரீனின் குரல் உயரவில்லை, ஒவ்வொரு சொல்லாகக் கீழே வைத்தாள். "மஜீது ரோட்ட பாத்துகினு ஓட்டிகினு இருந்தாரு. பின்னால நடந்தது அவுருக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி புட்ச்சேன்னு சொல்லிக்கீறேன். அத்த வச்சிதான் அந்த மனுசன் தூங்குறாரு. மேல நம்ம தெரு ஆளுங்க எத்தினி பேரு ஒக்காந்துக்கீறாங்க, பாத்தியா நீ? நான் வூடு போய்ச் சேர்றதுக்குள்ள அவுருக்கு சேதி போய்டும்."

மாடியில் அத்தனை பேர் முன்னால் சரமாரியாக வந்த சொற்களில் ஒன்றுகூட ஜெனிக்கு இப்போது வரவில்லை. கோபம் மட்டும் போகாமல் நின்றது. குழாயை மாற்றாமல் விட்ட பேக்டரிமேல். இரண்டே மாதத்தில் அதற்குப் புதுப் பெயின்ட் அடித்துத் திறந்துவிட்டார்கள். மழையைப் பெய்ய வைத்த பையன்மேல். கழுதையைச் சிரிக்க வைத்தவன்மேல். ஒரு துப்பட்டாவுக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர்மேல். எல்லோரையும்விட, உண்மை என் கையில் இருக்கிறது என்று மைக்கை வாங்கிய தன்மேல். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்றுதானே கேட்டாள். அது யாருடையது என்று ஒருதரம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே.

"நான் வந்து மஜீதண்ணனாண்ட பேசட்டா?"

"இன்னா பேசுவ?"

ஜெனி தன் வெறுங்காலைப் பார்த்தாள்.

"எனக்கும் தெனிக்கும் அதான் ஜெனி, அவுராண்ட இன்னா பேசுறதுன்னு" என்றாள் நவ்ரீன். இப்போதுதான் குரல் கொஞ்சம் உடைந்தது. "துணிய கிழிச்சிருக்கலாம்ல. ரெண்டா கிழிச்சிருந்தா ஆச்சி. அப்ப தோணல."

ஒரு டிரெய்லர் வேகம் குறைத்தது. முன்னால் போனதற்கும் அதற்கும் நடுவே ஒரு சந்து விழுந்தது. நவ்ரீன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அதில் இறங்கி நடந்தாள். ஜெனி வெறுங்காலோடு ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் சந்து மூடிக்கொண்டது. நீல நிறத்தில் ஒன்று, துருப்பிடித்த சிவப்பில் ஒன்று, பெயர் அழிந்த பச்சையில் ஒன்று, வீட்டை வீடாக இழுத்துப் போவதுபோல் கண்டெய்னர்கள் போய்க்கொண்டே இருந்தன. தரை அதிர்ந்தது. மாடியில் பாடத் தொடங்கியிருந்தார்கள். எஞ்சின் சத்தத்தில் மெட்டு மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. "அம்மா" என்று கூப்பிட்டபடி கெசியா, ஜெனியின் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்றிருந்தாள். ஜெனி திரும்பவில்லை. ஒரு கண்டெய்னருக்கும் அடுத்ததற்கும் நடுவே எதிர்ப்பக்கம் ஒரு கை அகலத்துக்குத் தெரிந்து மறைந்தது: மூடிய டீக்கடை, மின்கம்பம், நவ்ரீனின் தோள். அடுத்த இடைவெளியிலும் அதே தோள். போகாமல் நின்றிருந்தாள். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றிருக்கிறாள் என்று பார்ப்பதற்குள் அடுத்த வண்டி வந்து மறைத்தது.